ஆக்‌ஷன் ஷூட்டிங் கிளப்பில் சேரலாமா? முதல் போட்டிக்குப் போகும் முன்

கேள்வி இது: "ஒரு வருடமாக ரேஞ்சில் நின்ற இடத்திலேயே நின்று காகித டார்கெட்டைச் சுட்டுப் பழகி வருகிறேன். அதே ரேஞ்சில் மாதம் ஒரு ஞாயிறு ஆக்‌ஷன் ஷூட்டிங் கிளப் போட்டி நடத்துகிறது. இடம் மாறி மாறி ஓடிச் சுடுகிறார்கள். பார்க்க ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நான் சேரலாமா? என்னென்ன வாங்க வேண்டும்? எந்த அளவுக்குத் தேறியிருக்க வேண்டும்?"

தாராளமாகச் சேரலாம். ஒரு வருடம் பொறுமையாக நின்று சுட்டவருக்கு இதற்கு வேண்டிய அடித்தளம் இருக்கிறது. ஆனால் முதல் ஞாயிறு துப்பாக்கியைக் கொண்டுபோகாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி, காதுக்கவசம், தொப்பி, தண்ணீர் இவற்றோடு மட்டும் போங்கள். போட்டி நடத்துபவரிடம் போய், "எனக்கு இது புதிது, இன்று பார்க்கத்தான் வந்தேன், ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள்" என்று கேளுங்கள். கையில் ஒரு சுருள் ஒட்டுத்தாளைக் கொடுப்பார்கள். ஒவ்வொருவர் சுட்டு முடித்ததும் டார்கெட்டில் விழுந்த ஓட்டைகளை அதை வைத்து மூட வேண்டும். அன்று முழுக்க அந்த வேலையைச் செய்யுங்கள்.

இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. ஒட்டுத்தாள் ஒட்டுகிறவரைப்போல இந்த விளையாட்டை அருகிலிருந்து பார்ப்பவர் யாருமில்லை. வேகமாகச் சுட்டவரின் ஓட்டைகள் எங்கே சிதறியிருக்கின்றன, மெதுவாகச் சுடுவதுபோல் தெரிந்தவரின் ஓட்டைகள் எப்படி நடுவில் கூடியிருக்கின்றன, யார் எந்த இடத்தில் நின்று அந்த டார்கெட்டைப் பார்த்தார் என்பதெல்லாம் காகிதத்திலேயே தெரியும். பார்வையாளர் வரிசையில் நிற்பவருக்குச் சத்தமும் ஓட்டமும்தான் தெரியும்.

முதலில் ஒரு ஸ்டேஜ் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று பக்கமும் உயரமான மண்மேடு அடைத்த ஒரு களம். அதற்குள் மரச்சட்டத்திலும் வலையிலும் செய்த தடுப்புகள், ஜன்னல்போல் வெட்டிய திறப்புகள், சில பீப்பாய்கள். தரையில் மரப்பட்டிகளால் எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியே கால் வைத்துச் சுட்டால் தண்டனைப் புள்ளி. அங்கங்கே பழுப்பு நிறக் காகித டார்கெட்டுகள், சுட்டால் விழும் இரும்புத் தகடுகள், சுடவே கூடாத வெள்ளை டார்கெட்டுகள். எந்த வரிசையில் சுடுவது, எங்கே நின்று சுடுவது, எப்போது மேகசின் (துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி) மாற்றுவது என்பதையெல்லாம் பெரும்பாலும் போட்டியாளரின் விருப்பத்துக்கே விட்டுவிடுவார்கள். ஒரே ஸ்டேஜை 10 பேர் 4 விதமாகச் சுடுவதை நீங்கள் பார்ப்பீர்கள். இந்த விளையாட்டின் பாதி அழகு அதில்தான் இருக்கிறது.

8 முதல் 12 பேர் வரை ஒரு ஸ்குவாடாகச் சேர்ந்து ஸ்டேஜ் ஸ்டேஜாக நகர்வார்கள். ஒருவர் சுடுவார். ரேஞ்ச் ஆபீசர் டைமரோடு அவர் தோளுக்குப் பக்கத்தில் நிற்பார். இன்னொருவர் டேப்லெட்டில் புள்ளி பதிவார், பிராக்டிஸ்கோர் செயலிதான் பல கிளப்புகளில் இதற்குப் பயன்படுகிறது. மற்ற எல்லோரும் ஒட்டுத்தாளும் கையுமாக நிற்பார்கள். டைமர் ஒரு சின்னப் பெட்டி. பீப் அடித்ததும் ஓடத் தொடங்கும், துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு ஒவ்வொரு சுடுதலின் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். கடைசிச் சத்தம் எப்போதோ அதுதான் உங்கள் நேரம். 5 ஸ்டேஜ் உள்ள ஒரு கிளப் போட்டியில் காலையிலிருந்து மதியம்வரை களத்தில் நின்றாலும் நீங்கள் சுடும் நேரத்தையெல்லாம் கூட்டினால் 2 நிமிடத்தைத் தாண்டுவது அரிது. மீதி நேரம் முழுக்க உடலுழைப்பும் காத்திருப்பும். இது பிடிக்காதவர் இரண்டே மாதத்தில் நின்றுவிடுவார். இது பிடித்தவர் வருடக்கணக்கில் வருவார்.

இனி புள்ளிக் கணக்கு. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் புதியவர்கள் தேவையில்லாமல் அவசரப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சர்வதேசப் பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பான ஐபிஎஸ்சி, அதன் அமெரிக்கக் கிளையான யுஎஸ்பிஎஸ்ஏ இரண்டிலும் காகித டார்கெட்டில் ஏ, சி, டி என்று மூன்று பகுதிகள். நடுவில் இருக்கும் ஏ பகுதி ஏறக்குறைய 15 செ.மீ. அகலம்தான். வழக்கமான 9 மி.மீ. தோட்டாவால் சுட்டால் ஏ-வுக்கு 5 புள்ளி, சி-க்கு 3, டி-க்கு 1. அதைவிட வலுவான தோட்டாவாக இருந்தால் 5, 4, 2. முதல் வகையை மைனர் என்றும் இரண்டாவதை மேஜர் என்றும் சொல்வார்கள். குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற சிறு அலகிலும் வேகத்தை நொடிக்கு எத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர். மைனருக்கு அது குறைந்தது 125 இருக்க வேண்டும். 124 கிரெய்ன் குண்டு 1050 அடி வேகத்தில் போனால் 130.2 வரும், போதும். கடைத் தோட்டா பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும். கிளப் அளவில் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

டார்கெட்டுக்கு இரண்டு குண்டு என்பது வழக்கம். ஒன்று தவறினால் கிடைக்க வேண்டிய புள்ளி போவதோடு 10 புள்ளி கழியும். வெள்ளை டார்கெட்டில் பட்டாலும் 10 கழியும். இப்படிக் கிடைத்த மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். நொடிக்கு எத்தனை புள்ளி சம்பாதித்தீர்கள் என்பதுதான் அது.

8 காகித டார்கெட், 16 குண்டு, மொத்தம் 80 புள்ளி உள்ள ஒரு ஸ்டேஜை எடுத்துக்கொள்வோம். மூன்று பேருமே மைனர். முதலாமவர் அத்தனையும் ஏ அடித்து 12 நொடியில் முடிக்கிறார். 80-ஐ 12-ஆல் வகுத்தால் 6.67. இரண்டாமவருக்கு 12 ஏ, 4 சி. புள்ளி 72, நேரம் 9 நொடி. ஹிட் ஃபேக்டர் 8. மூன்றாமவர்தான் பார்க்கப் பார்க்கப் பிரமிப்பு. 8 நொடியில் பறந்துவிட்டார். ஆனால் 10 ஏ, 3 சி, 2 டி, ஒன்று தவறு. 50, 9, 2 கூட்டி 10 கழித்தால் 51. ஹிட் ஃபேக்டர் 6.375. ஸ்டேஜில் முதலிடம் பிடித்தவருக்கு முழு 80 புள்ளியும் போகும், மற்றவர்களுக்கு விகிதப்படி. முதலாமவருக்கு 66.67, மூன்றாமவருக்கு 63.75. பறந்தவரைவிட 4 நொடி மெதுவாகவும், ஆனால் சுத்தமாகவும் சுட்டவர், அவரை முந்திவிட்டார்.

இன்னொரு கோணத்திலும் இதைப் பாருங்கள். ஹிட் ஃபேக்டர் 8 இருக்கும் ஸ்டேஜில் ஒரு நொடியின் விலை 8 புள்ளி. ஏ-வுக்குப் பதில் சி விழுந்தால் 2 புள்ளி இழப்பு, அதாவது கால் நொடி. ஒரு குண்டு முழுதாகத் தவறினால் 15 புள்ளி இழப்பு, கிட்டத்தட்ட 1.9 நொடி. ஹிட் ஃபேக்டர் 4 வரும் கடினமான ஸ்டேஜில் அதே தவறின் விலை 3.75 நொடி. தவறிவிட்டது என்று அந்தக் கணமே தெரிந்தால், இன்னொரு குண்டு சுட அரை நொடி போதும். எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுடலாம், சிறந்த இரண்டைத்தான் எண்ணுவார்கள். அதனால் நன்றாகச் சுடுகிறவர்கள் ஒவ்வொரு குண்டும் போகும்போது முன்குறி (குழல்முனைக்கு மேலே குறிபார்க்க இருக்கும் சிறு முனை) எங்கே இருந்தது என்பதைக் கண்ணால் பிடித்துவைத்திருப்பார்கள். நடந்துபோய்க் காகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலையில் இருக்க மாட்டார்கள். நின்று சுட்டுப் பழகிய உங்களுக்கு இது கைவந்த பழக்கமாக இருந்தால், பாதி வழி கடந்துவிட்டீர்கள்.

நேரத்தை எங்கே குறைப்பது என்று கேட்டால், விசையை வேகமாக இழுப்பதில் இல்லை. அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரும்போதே துப்பாக்கி கண்ணுக்கு நேரே இருக்கிறதா, நின்ற பிறகு தூக்குகிறீர்களா? ஓடத் தொடங்கும்முன் கால் சரியாகப் பதிந்திருக்கிறதா? மேகசினை நின்றுகொண்டு மாற்றுகிறீர்களா, நடந்துகொண்டா? ஒரு ஸ்டேஜின் வீடியோவை எடுத்து, சுடாமல் கழிந்த நொடிகளை எண்ணிப் பாருங்கள். ஆரம்ப காலத்தில் என் நேரத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான் போனது. என் விரலின் வேகம் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

இந்த விளையாட்டின் வேர் 1950-களின் கலிபோர்னியாவில் இருக்கிறது. கைத்துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பரும் நண்பர்களும் பிக் பேர் என்ற ஊரில் நடத்திய போட்டிகளில் எப்படி வேண்டுமானாலும் பிடி, எப்படி வேண்டுமானாலும் நில், முடிவு மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு கையால் இடுப்பிலிருந்து சுட்டவர்களை, ஜாக் வீவர் என்ற காவல் அதிகாரி இரண்டு கையால் பிடித்துக் குறிபார்த்துச் சுட்டே தொடர்ந்து வென்றார். அங்கே கிடைத்த பாடங்கள்தான் 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் ஐபிஎஸ்சி என்ற அமைப்பாக உருவெடுத்தன. கூப்பர்தான் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் என்ற பொருள்தரும் மூன்று லத்தீன் சொற்களைக் குறிக்கோளாக வைத்தார்கள். துல்லியம் அதில் முதலில் நிற்கிறது. மேலே போட்ட கணக்கும் அதையேதான் சொல்கிறது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

முதல் ஒரு வருடத்துக்கு உங்கள் இலக்கு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: தகுதிநீக்கம் ஆகாமல் வீடு திரும்புவது. கிளப்பை எடைபோடுவதற்கும் அதே அளவுகோலை வையுங்கள். எத்தனை சாம்பியன்கள் அங்கே சுடுகிறார்கள் என்று பார்க்க வேண்டாம். தவறு நடந்ததும் "ஸ்டாப்" என்ற சொல் எவ்வளவு சீக்கிரம் வருகிறது, அது வந்த பிறகு எல்லோரும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆக்‌ஷன் ஷூட்டிங் களத்தைக் 'கோல்டு ரேஞ்ச்' என்பார்கள். ரேஞ்ச் ஆபீசர் சொல்லும்வரை யாருடைய துப்பாக்கியிலும் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கி காலியாக உறையிலோ பையிலோ இருக்கும், அதைத் தொடவும் கூடாது. தொட வேண்டுமென்றால், உறையில் மாட்டுவதற்குக்கூட, அதற்கென ஒதுக்கிய 'சேஃப்டி ஏரியா'வுக்குப் போக வேண்டும். அங்கே துப்பாக்கியைக் கையாளலாம், ஆனால் தோட்டாவைக் கையில் எடுக்கவே கூடாது, பயிற்சிக்கான போலித் தோட்டாவையும் சேர்த்துத்தான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த விதியில்தான் சறுக்குகிறார்கள். காரிலிருந்து இறங்கியதும் பழக்கதோஷத்தில் துப்பாக்கியை எடுத்து உறையில் மாட்டுவார்கள். அந்த நாள் சுடாமலே முடிந்துவிடும்.

உங்கள் முறை வந்ததும் வரும் கட்டளைகள் பெரிய போட்டிகளில் எந்த நாட்டிலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஐபிஎஸ்சியில் "லோட் அண்ட் மேக் ரெடி" என்றதும் தோட்டா ஏற்றி, உறையில் வைத்துத் தயாராக நிற்க வேண்டும். "ஆர் யூ ரெடி?" என்று கேட்பார். நீங்கள் மறுக்கவில்லை என்றால் "ஸ்டாண்ட் பை". அதற்குப் பிறகு 1 முதல் 4 நொடிக்குள் பீப். அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறும், அதனால் முன்கூட்டியே ஊகிக்க முடியாது. முடிந்ததும் "இஃப் யூ ஆர் ஃபினிஷ்டு, அன்லோட் அண்ட் ஷோ கிளியர்". மேகசினைக் கழற்றி, தோட்டா அறையைத் திறந்து ரேஞ்ச் ஆபீசரிடம் காட்ட வேண்டும். அவர் பார்த்த பிறகு "இஃப் கிளியர், ஹேமர் டவுன், ஹோல்ஸ்டர்". துப்பாக்கியை மண்மேட்டின் பக்கம் நீட்டி விசையை ஒரு முறை இழுத்துக் காலி என்று உறுதிசெய்து உறையில் வைக்க வேண்டும். பிறகு "ரேஞ்ச் இஸ் கிளியர்". இதைச் சொல்லும்வரை ஒட்டுத்தாளோடு நிற்பவர் ஒரு அடிகூட முன்னே போகக் கூடாது. இந்த வரிசை உங்களுக்கு மனப்பாடமாகட்டும். பதற்றத்தில் மூளை வேலை செய்யாதபோது பழக்கம்தான் கைகொடுக்கும்.

தகுதிநீக்கத்துக்கான காரணங்கள் அதிகமில்லை. குழல்முனை பின்பக்கமாகத் திரும்புவது, அதாவது மண்மேட்டை நோக்கிய நேர்க்கோட்டிலிருந்து இடமோ வலமோ 90 டிகிரியைத் தாண்டுவது. எண்ணாத நேரத்தில் வெடிப்பது. துப்பாக்கி கைதவறி விழுவது. தன் கை, காலையே குழல்முனை கடந்துபோவது. நகரும்போதும், மேகசின் மாற்றும்போதும், சிக்கல் தீர்க்கும்போதும் விரல் விசைக்காப்புக்குள், அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள், இருப்பது. துப்பாக்கி விழுந்துவிட்டால் எடுக்காதீர்கள். விழுகிற துப்பாக்கியைப் பிடிக்கவும் பார்க்காதீர்கள். பிடிக்கப் போகும் விரல் நேராக விசையில் போய் மாட்டும். விலகி நில்லுங்கள், ரேஞ்ச் ஆபீசர் எடுத்துக் காலிசெய்து தருவார்.

என் ஐந்தாவது போட்டியில் நான் தகுதிநீக்கம் ஆனேன். நான் வலதுகைக்காரன். வலப்பக்க ஜன்னலில் சுட்டு முடித்து, இடப்பக்கக் கடைசிக்கு ஓட வேண்டும், ஓடும்போதே மேகசின் மாற்ற வேண்டும். வலதுகைக்காரர் மேகசின் மாற்றும்போது துப்பாக்கியின் அடிப்பக்கத்தை இடது கைக்குக் காட்டத் திருப்புவார், அப்போது குழல்முனை தானாக இடப்பக்கம் சாயும். வலப்பக்கம் ஓடினால் உடல் வலப்பக்கம் திரும்பியிருக்கும், ஆகவே அந்தச் சாய்வு குழல்முனையை மண்மேட்டை நோக்கியே வைத்திருக்கும். இடப்பக்கம் ஓடும்போது உடலும் இடப்பக்கம், சாய்வும் இடப்பக்கம். இரண்டும் கூடினால் குழல்முனை பின்னால் நிற்பவர்களைப் பார்க்கும். என்னுடையது அப்படித்தான் பார்த்தது. "ஸ்டாப்" என்ற குரல் கேட்டது, நின்றேன், காலிசெய்தேன், உறையில் வைத்தேன். பிறகு ரேஞ்ச் ஆபீசர் என் பக்கத்தில் நின்று, குரலை உயர்த்தாமல், என்ன நடந்தது என்று காட்டினார். துப்பாக்கியைப் பையில் பூட்டிவிட்டு வந்து, மீதி 3 ஸ்டேஜுக்கும் ஒட்டுத்தாள் ஒட்டினேன். அன்று என் பின்னால் நின்ற 9 பேரும் எனக்கு நண்பர்கள். அவர்களை நோக்கித் துப்பாக்கி திரும்பியது என்பதை நினைத்தால் இன்றும் அடிவயிறு கலங்குகிறது. அதற்குப் பிறகு ஸ்டேஜைச் சுற்றிப் பார்க்கும்போது, இடப்பக்கமாகப் போகும் ஒவ்வொரு நகர்வையும் முதலில் அடையாளம் கண்டுகொள்வேன். அங்கே மேகசின் மாற்றமே வேண்டாம் என்று திட்டத்தைப் போடுவேன், தவிர்க்க முடியாவிட்டால் முதலில் நின்று மாற்றிவிட்டு ஓடுவேன். ஒரு நொடி போகும். போகட்டும்.

இடதுகைக்காரர்களுக்கு இதே ஆபத்து வலப்பக்கம் நகரும்போது வரும்.

நல்ல கிளப் எது என்று கேட்டால், பல வருடம் சுடுகிற மூத்தவரையும் புதியவரைப்போலவே தகுதிநீக்கம் செய்கிற கிளப். "பரவாயில்லை, இவர் நம்ம ஆள்" என்று ஒரு முறை விட்டுவிட்டதைப் பார்த்தால், அந்தக் கிளப்புக்கு மறுபடி போகாதீர்கள். புதியவர்களைத் தனியே உட்காரவைத்து பாதுகாப்பு விதிகளைச் சொல்லித்தருகிறார்களா என்று பாருங்கள். வகுப்பும் சிறு தேர்வும் முடித்தவரைத்தான் போட்டியில் விடுவோம் என்று சொல்லும் கிளப் உங்களைத் தடுப்பதுபோல் தோன்றும், ஆனால் அதுதான் சேர வேண்டிய இடம். இரும்புத் தகடுகளின் முகத்தைப் பாருங்கள். குழி விழுந்த தகடு குண்டுச் சிதறலை சுடுகிறவர் பக்கமே திருப்பி அனுப்பும். தட்டையாக, பள்ளமில்லாமல் இருக்க வேண்டும். ஐபிஎஸ்சி விதிப்படி இரும்பை 7 மீட்டருக்குக் கிட்டே நின்று சுடக் கூடாது, அதற்குத் தக்கபடி எல்லைக்கோடு போட்டிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

போட்டி வகைகளில் எதில் தொடங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உங்கள் ரேஞ்சில் ஸ்டீல் சேலஞ்ச் நடக்கிறதென்றால் அதில் தொடங்குங்கள். 1981-இல் தொடங்கிய போட்டி அது. நிர்ணயிக்கப்பட்ட 8 ஸ்டேஜ்கள், ஒவ்வொன்றிலும் 5 இரும்புத் தகடுகள். கடைசியாக அடிக்க வேண்டியது ஸ்டாப் பிளேட். ஒவ்வொரு ஸ்டேஜையும் 5 முறை சுட்டு, மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டு மீதி 4 நேரங்களைக் கூட்டுவார்கள். அவுட்டர் லிமிட்ஸ் என்ற ஒன்றில் மட்டும் 4 முறை சுட்டு 3-ஐ எண்ணுவார்கள், இடம் மாறுவதும் அதில் மட்டும்தான். மற்ற 7 ஸ்டேஜிலும் நின்ற இடத்திலேயே நிற்கலாம், உங்களுக்குப் பழகிய விஷயம். பாயிண்ட் டூ டூ என்ற சிறிய தோட்டா சுடும் கைத்துப்பாக்கிக்கும் தனிப் பிரிவு உண்டு, அதில் உறையிலிருந்து உருவ வேண்டியதில்லை, தாழ்த்திப் பிடித்த நிலையிலிருந்தே தொடங்கலாம். தகட்டில் பட்டால் மணி அடித்ததுபோல் கேட்கும், உங்கள் தவறு உடனே காதுக்குத் தெரியும். கட்டளைகள், பீப் சத்தம், பத்துப் பேர் பார்க்கும்போது சுடுவது இவையெல்லாம் பழகிய பிறகு ஓடிச் சுடும் போட்டிக்கு வந்தால் ஒரு பயம் குறையும்.

ஐடிபிஏ 1996-இல் தொடங்கியது. தற்காப்புச் சூழலை ஒட்டிய போட்டி. மேலாடைக்கு அடியில் துப்பாக்கி, மறைவிலிருந்தபடியே சுடுவது, ஒரு ஸ்டேஜுக்கு 18 குண்டுக்கு மேல் இல்லை. வகுக்கும் கணக்கு இல்லை, இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நொடி நேரத்தோடு சேரும், குறைந்த நேரம் வெல்லும். ஆனால் எந்த வரிசையில் சுட வேண்டும் என்பதற்கு அதில் விதி அதிகம், ஆகவே முதல் நாள் நினைவில் வைக்க வேண்டியதும் அதிகம்.

நிஜத் துப்பாக்கிக்கு உரிமம் கிடைப்பது கடினமான நாடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐபிஎஸ்சியில் ஆக்‌ஷன் ஏர் என்று தனிப் பிரிவே இருக்கிறது. 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி, அதே கட்டளைகள், அதே புள்ளிக் கணக்கு, அதே தகுதிநீக்கம். நிஜத் துப்பாக்கி கையில் இல்லாமலே காலும் கண்ணும் கையும் இந்த விளையாட்டில் தேற முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாங்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது கையில் இருக்கும் 9 மி.மீ. துப்பாக்கியே போதும், போட்டித் துப்பாக்கியை ஒரு வருடத்துக்கு நினைக்க வேண்டாம். விசைக்காப்பை முழுதாக மூடும், கடினமான பொருளில் செய்த இடுப்பு உறை. அது அசையாமல் நிற்க ஒரு தடித்த பெல்ட். மேகசின் 4 அல்லது 5, அதை மாட்ட மேகசின் உறைகள். போட்டிக்குச் சுமார் 150 தோட்டா. காதுக்கவசத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு கைத்துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், போன செவித்திறன் திரும்பாது. காதுக்குள் அடைப்பும் மேலே கவசமும் இரண்டுமே போடுகிறவர்கள் அறிவாளிகள். இன்னொன்று, போட்டி முடிந்து எதையும் சாப்பிடும்முன் கையைச் சோப்பால் கழுவுங்கள். சுடும்போதும் காலிக் கூடுகளைப் பொறுக்கும்போதும் கையில் ஈயம் படியும்.

வீட்டில் தோட்டா இல்லாமல் செய்யும் பயிற்சிதான் இந்த விளையாட்டில் பெரிய முன்னேற்றம் தரும். தோட்டாக்கள் வேறொரு அறையில் இருக்க வேண்டும். துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். குறிபார்க்கும் சுவருக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் கூடாது. தினம் 10 நிமிடம் உறையிலிருந்து உருவுவது, மேகசின் மாற்றுவது, ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் கண்ணை முதலில் கொண்டுபோய்த் துப்பாக்கியைப் பின்னால் கொண்டுவருவது. முடித்ததும் முடிந்தது. "இன்னும் ஒரே ஒரு முறை" என்று தோட்டா ஏற்றிய பிறகு மறுபடி தொடங்குவதுதான் வீட்டில் குண்டு வெடிக்கும் வழி.

எந்த அளவுக்குத் தேறியிருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ரேஞ்சிலேயே சோதித்துப் பாருங்கள். 10 மீட்டரில் 15 செ.மீ. அகலமுள்ள ஒரு காகிதத்தை வையுங்கள். துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்த நிலையிலிருந்து உயர்த்தி, இரண்டு குண்டு. அவசரம் வேண்டாம். 10 முறை செய்தால் 20 குண்டில் 18 உள்ளே விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைத் தாழ்த்தும்போது உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் 10 முறையும் "விரல் வெளியே நேராக இருந்தது" என்று சொன்னால், அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். ஒரு முறையாவது தயங்கினால், குண்டுகள் எல்லாமே நடுவில் விழுந்திருந்தாலும், இன்னும் ஒரு மாதம் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள்.